வெட்டு என்று சொன்னவள்

ஆடி 2, வெள்ளி

நூற்றெட்டு முறை 'ஓம் சக்தி' எழுதி முடித்தும் பக்கத்தில் பாதி மிச்சம் இருக்கிறது, அங்காளம்மா. வெறும் தாளை விட்டுவைக்க எனக்கு மனசு வராது. ஆடி முடியும்வரை தினமும் எழுதுகிறேன் என்று உனக்கு நேர்ந்துகொண்டேன். மிச்ச இடத்தில் உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். கேட்டால் கேள், இல்லாவிட்டால் விடு. இந்த வீட்டில் வேறு யார் என் பேச்சைக் கேட்கிறார்கள்? தம்பி ஏழுமலை கரண்டுக் கம்பம் ஏறி இறங்கி வந்து சோறு தின்றதும் தூங்கிவிடுகிறான். அவன் மகள் குழலி காதில் எதையாவது சொருகிக்கொண்டுதான் தைக்கிறாள்.

விழுப்புரத்தில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று தையல் மெஷின் ஓடுகிறது. வேட்டியையும் புடவையையும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு பைக்கில் போகிற மாதிரி தைத்து, போனிலேயே விற்கிறாள் குழலி. கடைக்குப் பெயர் 'கொசுவம்'. பஞ்சகச்சத்தைப் பேண்ட் மாதிரி தைத்து இரண்டு பக்கமும் பாக்கெட் வைக்கிறாள். முந்தானையில் தலைமூடுகிற தொப்பி. ஆரம்பத்தில் நான் தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது அந்தக் கொசுவங்களை இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் கட்டிக் கொடுக்கிறவளே நான்தான். நேற்று ஒரு காலேஜ் பையன் நேரிலேயே வந்துவிட்டான்.

“ஆன்ட்டி, இந்த வேட்டியில போன் வெக்க எடம் இருக்கா?”

“போன் வெக்க இருக்குதுப்பா. மானம் வெக்கத்தான் எடம் இல்ல.”

“அத்த! கஸ்டமர் அவரு!” என்று குழலி மாடிப்படியில் இருந்து கத்தினாள். பையன் சிரித்துக்கொண்டே இரண்டாக வாங்கிப் போனான்.

இன்னொரு வேலையும் என்னுடையது. பழைய துணியில் செய்த உடுப்பு என்றால் கூடவே ஓர் அட்டை போகும். அது யார் கட்டிய துணி, எப்போது கட்டியது என்று நான் எழுத வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், உனக்கே தெரியும். 'ஒன் கார்டுக்காகவே பாதிப் பேரு வாங்கறாங்க அத்த' என்பாள் குழலி.

இன்று கூழ் கிண்டிக்கொண்டிருந்தபோது மேலே கூப்பிட்டாள். பரணில் இருந்த பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். கையில் அரக்குப் பட்டுப் பாவாடை. மாங்காய்க் கரை.

“அத்த, இது நான் ஏழாவதுல ஆண்டு விழாவுக்குப் போட்டன் இல்ல? புனிதா அண்ணியோடதுதான?”

புனிதா என் மகள். ஒசூரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். “ஆமா” என்றேன்.

“ஒரு ஜாக்கெட்டுக்கு முதுகுல வெக்க இந்தக் கலர்தான் தேடிகினு இருந்தன். வெட்டட்டுமா?”

கூழ் அடுப்பில் இருந்தது. “வெட்டு” என்றேன்.

படி இறங்கும்போது கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. பட்டு வெட்டினால் சத்தம் தனியாகத் தெரியும். கூழ் அடிப்பிடித்துவிட்டது. அதையே உனக்கு ஊற்றினேன், கோபித்துக்கொள்ளாதே.

கஸ்தூரி படத்துக்குச் சந்தன மாலை மாற்றினேன். கஸ்தூரி, குழலியின் அம்மா. பிள்ளைக்கு மூன்று வயசு நடக்கும்போது மஞ்சள் காமாலையில், பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தாள். அப்படிப் போய் வீட்டுத் தெய்வமானவளைப் பூவாடைக்காரி என்போம், எங்களுக்கு அவள்தான். புது மாலையைக் கொஞ்சம் நீளமாகவே வாங்கினேன். கழுத்துக்குக் கீழே எதுவும் தெரியாமல் இருந்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கிறது.

ஆடி 3, சனி

எழுதினேன். பேச ஒன்றுமில்லை.

ஆடி 5, திங்கள்

ஜாக்கெட் முடிந்துவிட்டது. கறுப்பு ஜீன்ஸ் துணி. முதுகில் தோளுக்குத் தோள் அரக்குப் பட்டில் கொசுவம் வைத்து இடுப்புவரை தொங்கவிட்டிருக்கிறாள். நடந்தால் கொசுவம் விரிந்து மாங்காய்க் கரை தெரியும். போனில் படம் போட்டாள், உலை கொதிப்பதற்குள் விற்றுவிட்டது. வேலூரில் ஜெரால்டு என்று ஒரு பிள்ளை.

“ஆம்பளப் புள்ளயா போடப் போறான்?” என்றேன்.

“துணிக்கு ஆம்பள பொம்பள என்னா இருக்குது அத்த? நீ கார்டு எழுது. அண்ணி சடங்குக்குப் போட்டதுன்னு.”

எழுதினேன்: 'எங்கள் புனிதாவின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் வீட்டிலிருந்து வந்த பட்டு.' குழலி படித்துவிட்டு, தாய்மாமன் என்பது அழகாக இருக்கிறது என்றாள்.

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை, அங்காளம்மா. தாய்மாமன் வீட்டிலிருந்து வந்ததுதான்.

ஆடி 6, செவ்வாய்

கூரியர்காரர் மூன்று மணிக்குத்தான் வந்தார். அதுவரை பார்சலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முருங்கைக்கீரை ஆய வேண்டியிருந்தது, ஆயவில்லை. 'கொடும்மா' என்று கை நீட்டினார். கொடுத்தேன். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

ஆடி 9, வெள்ளி

குழலி என்னைத் தூக்கிச் சுற்றிவிட்டாள். என் எடைக்கு அவள் இடுப்பு போயிருக்கும். சென்னையில் ஒரு பழைய கிடங்கில், ஆடி இருபத்தைந்து ஞாயிற்றுக்கிழமை, இந்த மாதிரி உடுப்பு தைக்கிற பிள்ளைகள் எல்லாம் கூடுகிறார்களாம். ஆயிரம் பேர் வருவார்களாம். ஊர் ஊராகப் பன்னிரண்டு பேரைத்தான் பொறுக்கியிருக்கிறார்கள், அதில் இவளும் ஒருத்தி. ஆனால் ஆளுக்கு ஓர் உடுப்பு, அவரவர் சொந்த வீட்டுத் துணியில் செய்ததாக இருக்க வேண்டும்.

“அம்மாவோட கூறப் பொடவய எடுத்துக்கட்டா அத்த?”

கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்துவிட்டது.

“வெட்ட மாட்டன். ஒரு குண்டூசிகூடக் குத்த மாட்டன். முழுப் பொடவய அப்பிடியே கச்சமா கட்டி, கீழ ஷூ போட்டு, நானே நடந்து வருவன். முடிச்சிட்டு மஞ்சத் துணியில சுத்தி உள்ள வெச்சிடறன்.”

நீ அறிந்த பெட்டிதான். பூஜை அறையில் உத்திரத்தில் தொங்குகிற மூங்கில் பெட்டி. பூவாடைக்காரியின் கூறை அதற்குள் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை, ஆடி மூன்றாம் வெள்ளிப் படையலுக்கு இறக்குவோம். நான் கதவைச் சாத்திக்கொண்டு மஞ்சள் துணியை மாற்றுவேன். வேறு யாரும் பிரிக்கக் கூடாது, அது வழக்கம். வழக்கம் என்றால், இருபது வருஷமாக நான் சொல்லிக்கொண்டு வருகிற வழக்கம்.

வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். பூவாடைக்காரி துணியைத் தெருவுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றேன். திண்டிவனத்தில் ஒருத்தி அப்படிக் கட்டிப் பார்த்துவிட்டு மூன்று மாசம் பேச்சு வராமல் கிடந்தாள் என்றேன். திண்டிவனத்தில் அப்படி ஒருத்தி கிடையாது. மன்னித்துக்கொள்.

ஆடி 12, திங்கள்

ஏழுமலை என்றைக்கும் என் பேச்சைத் தட்டமாட்டான். இன்று தட்டினான்.

“யக்கா, பொண்ணு கேக்கறது யார் பொடவய? அவ அம்மா பொடவயத்தான?”

“நான் வாணாம்னு சொல்லலடா. அவ சொல்லணும் இல்ல, பூவாடக்காரி.”

“அப்ப அவளயே கேட்டுடலாம். வெள்ளிக்கெழம படையல்ல பூக்கட்டிப் பாரு.”

இதையெல்லாம் நம்பாதவள் குழலி. சிரித்துவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். அவளோ அம்மா படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

“செரி. அம்மா வாணாம்னு சொன்னா நான் விட்டுடறன்.”

இரண்டு பொட்டலம். ஒன்றில் செவ்வரளி, ஒன்றில் நந்தியாவட்டை. சிவப்பு வந்தால் சம்மதம், வெள்ளை வந்தால் வேண்டாம். பூக்கட்டுவது இந்த வீட்டில் எப்போதும் நான்தான்.

புனிதா போன் செய்தாள். ஜாக்கெட் படத்தைப் பார்த்தாளாம். “என் பாவாடதான அது? செம்மயா இருக்குதும்மா. ஏழுமல மாமா வாங்கிக் குடுத்ததுன்னு நீ சொல்லுவியே, அவருக்கும் போன் போட்டு சொன்னன். அவரு ஞாபகமே இல்லன்றாரு.”

“ஆம்பளைக்கு என்னா ஞாபகம் இருக்கும்?” என்று வைத்துவிட்டேன்.

ஆடி 16, வெள்ளி

படையல் ஆயிற்று. சர்க்கரைப் பொங்கல், கொழுக்கட்டை, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, அவளுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல். பெட்டியை இறக்கிக் கதவைச் சாத்திக்கொண்டு மஞ்சள் துணி மாற்றினேன். வழக்கம்போல.

பிறகு பூ. வாழையிலைக் கிழிசலில் மடித்து நூல் சுற்றினேன். உள்ளங்கையில் இரண்டும் ஒரே கனமாக இருந்தன. கஸ்தூரி படத்துக்கு முன்னால் போட்டேன். சின்னக் குழந்தை யாரையாவது கூப்பிடுவோமா என்றேன். “எதுக்குக்கா, இவ அவளுக்குக் கொழந்ததான?” என்றான் ஏழுமலை.

குழலி தலைக்குக் குளித்துவிட்டு, ஜீன்ஸைக் கழற்றிப் பாவாடை தாவணி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் சொல்லவே இல்லை, அவளாகத்தான் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் என்னவோ வேண்டினாள். வலது கைப்பக்கம் இருந்ததை எடுத்தாள். தானே பிரித்தாள்.

வெள்ளை.

குழலி பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “செரிம்மா” என்றாள். என்னிடம் சொல்லவில்லை, படத்திடம் சொன்னாள். மாடிக்குப் போய்விட்டாள்.

மிச்சப் பொட்டலத்தைத் தண்ணீரில் விட வேண்டும் என்று சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அதில் என்ன பூ என்று நீ கேட்காதே.

ஆடி 17, சனி

முப்பத்தாறுக்கு மேல் எழுத முடியவில்லை. உன் பெயர் என் கையில் வரமாட்டேன் என்கிறது.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் கலந்தேன். யாரும் தொடவில்லை.

குழலி மெஷின்களுக்கு உறை போட்டு மூடிவிட்டாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மாதிரி தைக்கிற வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள், போகிறேன் என்கிறாள். சென்னைக்காரர்களிடம் வரவில்லை என்று செவ்வாய்க்கிழமை சொல்லிவிடுவாளாம்.

“வேற துணியில செய்யேன்டி. ஊர்ல துணிக்கா பஞ்சம்?”

“துணி இல்ல அத்த பிரச்சன. அம்மாவுக்கு நான் செய்யறதே புடிக்கல போலருக்குது. பொடவ, வேட்டி எதப் பாத்தாலும் இவ வெட்டறாளேன்னு நெனச்சிருப்பாங்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். “அவங்க மொகம்கூட எனக்கு நெனப்பு இல்ல. இருபத்தோரு வருசத்துல ஒரு தடவ கேட்டன். வாணாம்னுட்டாங்க.”

என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் சாதப் பாத்திரங்களை மூடி வைத்தேன்.

எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் தெரியாத மாதிரி கேள். இருபது வருஷத்துக்கு முன்னால் புனிதா பெரியவளானாள். என் வீட்டுக்காரரின் அக்கா தங்கைகள் எல்லோரும் பந்தலில் உட்கார்ந்துகொண்டு, 'தாய்மாமன் பட்டு எங்க? கொண்டாரச் சொல்லு பாப்பம்' என்று ஒரு வாரம் முன்னாலிருந்தே கேட்டார்கள். ஏழுமலை அப்போது கஸ்தூரி போன துக்கத்தில் தாடியும் சாராயமுமாகக் கிடந்தான். அவனுக்குச் சீர் என்கிற நினைப்பே இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான் இங்கே வந்து போய்க்கொண்டிருந்தேன். பெட்டி தலைக்கு மேலே தொங்கியது. முக்காலி போட்டால் கை எட்டியது. கஸ்தூரியின் கூறையை எடுத்துத் திண்டிவனத்துத் தையல்காரரிடம் கொடுத்துப் பாவாடை சட்டையாக வெட்டச் சொன்னேன். ஒரு முழப் பட்டுகூட மிச்சம் வைக்கவில்லை. பந்தலில் எல்லோர் வாயும் அடைந்தது. நன்றாகவே இருந்தது, அங்காளம்மா. அன்றைக்கு எனக்கு ரொம்ப நன்றாகவே இருந்தது.

பெட்டிக்குள் சந்தையில் வாங்கிய நூல் புடவை ஒன்றை வைத்துச் சுற்றினேன். அதற்குத்தான் இருபது வருஷமாகப் படையல் போடுகிறேன்.

ஆடி 20, செவ்வாய்

மத்தியானம் குழலி போனை எடுத்துச் சென்னைக்கு எண்ணை அழுத்தப் போனாள். இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

“என்னா இது?”

“பிரி.”

பிரித்தாள். நந்தியாவட்டை காய்ந்து பழுப்பாகியிருந்தது. ஆனாலும் வெள்ளைப் பூ என்று தெரிந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ரெண்டுலயும் இதுவா?”

“ரெண்டுலயும் இதுதான். ஒங்கம்மா வாணாம்னு சொல்லல கண்ணு. நான்தான் சொன்னன்.”

“எதுக்கு?”

நான் முக்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன். மஞ்சள் துணியை அவளே பிரித்தாள். பச்சை நூல் புடவை, கடைச் சீட்டுகூட ஒட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப அம்மா கூற?”

நான் கஸ்தூரி படத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். போய்ச் சந்தன மாலையை ஒரு விரலால் தூக்கினாள். தோளில் அரக்குப் பட்டு, மாங்காய்க் கரை. மாலையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். மேலே மெஷினுக்கு அடியில் கிடந்த துண்டு துணிகள் அவளுக்கு நினைவு வந்திருக்கும்.

“நான் ஏழாவதுல போட்டது” என்றாள். பிறகு, “நான் வெட்டுனது” என்றாள்.

“தெரியாமத்தான வெட்டின.”

“நான் கேட்டனே அத்த.” கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “வெட்டட்டுமான்னு ஒன்னக் கேட்டுட்டுத்தான வெட்டுனன். கேட்டனே.”

மாலையை விட்டாள். அது படத்தில் பட்டு ஆடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் ஏழுமலையிடமும் சொன்னேன். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா. சீரு செய்யாத பாவி நான்தான. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பன்” என்றான். அது எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னானா, தெரியவில்லை. ஆறுதலாக இல்லை.

ஆடி 21, புதன்

புனிதாவிடம் போனில் சொன்னேன். “எங்கிட்ட ஏம்மா சொல்ற, நான் போட்டு ஆடுனனே” என்று அழுதாள்.

ஆடி 22, வியாழன்

குழலி பேசவில்லை. நான் வைத்த சோற்றைத் தின்கிறாள், தட்டைத் தானே கழுவிக்கொள்கிறாள். காலையில் பேருந்து நிலையம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். வேலூருக்குப் போய் அந்தப் பையன் காலில் விழுந்தாவது வாங்கி வரலாம் என்று கிளம்பியதுதான். முகவரி மனப்பாடம், நானே எழுதியது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன். அவளைக் கேட்காமல் அவள் அம்மா துணியில் கை வைப்பது இது மூன்றாம் தடவை என்று தோன்றியது. இறங்கிவிட்டேன்.

மாடியில் ஒரே ஒரு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. உறையை எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

ஆடி 23, வெள்ளி

காலையில் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கீழே வந்தாள். நானும் கேட்க வேண்டும் என்றுதான் போட்டாள் போலிருக்கிறது. ஜெரால்டின் குரல், பாதி ஆண்பிள்ளைக் குரல், பாதி குழந்தைக் குரல்.

“அக்கா, திருப்பி மட்டும் கேக்காதீங்க. சர்ச்சுக்கு, காலேஜுக்கு, எல்லாத்துக்கும் இதத்தான் போடறன். எங்கம்மாவே போட்டுப் பாத்தாங்க.”

“திருப்பிக் கேக்கலப்பா. ஞாயித்துக்கெழம அத போட்டுகினு சென்னைக்கு வரியா? நீதான் நடக்கணும்.”

“நானா? என் நடய பாத்தா சிரிப்பாங்கக்கா.”

“சிரிக்கட்டும். முதுகு தெரியறாப்பல நட, போதும்.”

“கார்டும் எடுத்தாரட்டா? செவுத்துல ஒட்டி வெச்சிருக்கன். அத்தை கையெழுத்து சூப்பர்.”

குழலி என்னைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். “அது வாணாம்” என்றாள் போனில். “அது தப்புக் கார்டு. வேற வரும்.”

வைத்துவிட்டு, வெள்ளை அட்டை ஒன்றையும் கறுப்புப் பேனாவையும் என் முன்னால் வைத்தாள். வழக்கமான அட்டையைவிடப் பெரியது, தூரத்திலிருந்து படிக்கிற அளவு.

“யாரோட துணின்னு எழுது.”

“நீயே எழுதேன் கண்ணு.”

“என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். எழுது.”

சமையலறையில் உட்கார்ந்து எழுதினேன். மூன்று முறை தண்ணீர் குடித்தேன். எழுதியது இதுதான், அங்காளம்மா. இன்றைக்கு நூற்றெட்டுக்குப் பதில் இதை வைத்துக்கொள்.

'இது கஸ்தூரியின் கூறைப்புடவை. இருபது வருஷத்துக்கு முன்னால் யாரையும் கேட்காமல் இதை முதலில் வெட்டியவள் அவள் நாத்தனார். இந்த ஆடியில் கஸ்தூரியின் மகள் குழலி, கேட்டுவிட்டு வெட்டினாள். தெரிந்தே வெட்டு என்று சொன்னவளும் அந்த நாத்தனார்தான்.'

குழலி நின்றபடியே படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கட்டிக்கொள்வாள் என்று நினைக்க எனக்கு உரிமை இல்லை, அதையும் செய்யவில்லை.

“நாத்தனாருக்குப் பேரு இல்லயா?”

கடைசியில் அஞ்சலாட்சி என்று எழுதினேன். ஆயிரம் அட்டை எழுதியிருக்கிறேன், என் பெயரை எந்த அட்டையிலும் எழுதியதில்லை. 'லா'வில் பேனா வழுக்கிக் கோணிக்கொண்டது.

“கோணலா போச்சு. வேற அட்ட குடு, அழகா எழுதித் தரன்.”

“வாணாம். இதுவே இருக்கட்டும்.” மை காய ஊதினாள். “ஞாயித்துக்கெழம ஆறு மணி பஸ்ஸு. நீயும் வா. இத படிச்சிட்டு யாராச்சும் கேட்டா நீதான் பதில் சொல்லணும். நான் சொல்ல மாட்டன்.”

மாடிக்கு ஏறப் போனவள் திரும்பிக் கஸ்தூரி படத்திலிருந்து சந்தன மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். மாங்காய்க் கரை இப்போது நன்றாகத் தெரிகிறது. சமையலறையில் எங்கே உட்கார்ந்தாலும் தெரிகிறது.